கடல் சுற்றி வந்த குரல்

தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் கண்காணிப்பில் இரண்டு பையன்கள் படித்தார்கள். ஒருவர் சரபோஜி, மராட்டிய அரியணைக்குத் தத்தெடுக்கப்பட்டவர். இன்னொருவர் வேதநாயகம், 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், பன்னிரண்டு வயதுவாக்கில் ஐயரோடு தஞ்சைக்கு வந்தவர். 1798-இல் ஐயர் இறந்தார். அதே ஆண்டு சரபோஜி மன்னரானார். வேதநாயகம் தமிழாசிரியராகவும் கவிராயராகவும் பேர் வாங்கினார். இருவரின் நட்பு மட்டும் முறியவில்லை. அது எப்போது கைகொடுக்கப் போகிறது என்பது இருவருக்குமே அப்போது தெரியாது.

1800-இல் வேதநாயகம் ‘பெத்லகேம் குறவஞ்சி’யை எழுதினார். கோயில் விழாக்களில் ஆடிப் பாடிய குறவஞ்சி வடிவம் அப்படியே இருந்தது. தலைவி உண்டு, உலா உண்டு, குறி சொல்லும் சிங்கி உண்டு. உள்ளே இருந்த கதை மட்டும் பைபிளின் கதை. குறத்தி மலைவளமும் நாட்டுவளமும் பாடும் இடத்தில் உலகின் பூகோளமும், சூரியனைப் பூமி சுற்றுகிற கோப்பர்நிக்கஸ் வானியலும் வந்து விழுந்தன. நோவாவின் கப்பல், படைப்பின் கதை என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். தாளக்கட்டோடு பாடுவது, நிறுத்திக் கதை சொல்வது, மறுபடி பாடுவது. ஊர் நடுவில் பாய் விரித்துக் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து கேட்கத் தோதான வடிவம் அது. எதிர்ப்பும் வந்தது. ஆனால் அரண்மனையிலிருந்து வரவில்லை, தேவாலயத்திலிருந்து வந்தது.

சுவார்ட்ஸுக்குப் பின் வந்த புதிய மிஷனரிகளுக்கும் வேதநாயகம் சாஸ்திரியாருக்கும் ஒத்துப்போகவில்லை. தேவாலயத்துக்குள் சாதிப்படி தனித்தனியே உட்காரும் வழக்கத்தை ஒழிக்க அவர்கள் நினைத்தார்கள். சாஸ்திரியார் அதை எதிர்த்தார். தமிழ் மெட்டுகளில் பாடும் கீர்த்தனைகளையும் அவர்கள் ஓரங்கட்டப் பார்த்தார்கள். அதையும் எதிர்த்தார். சாதி விஷயத்தில் நியாயம் மிஷனரிகள் பக்கம்தான் இருந்தது. பாட்டு விஷயத்தில் சாஸ்திரியார் பக்கம் இருந்தது. சண்டை முற்றி 1829-வாக்கில் அவருடைய வேலை போயிற்று. அப்போதுதான் பள்ளித் தோழன் குறுக்கிட்டார். சைவக் கோயில்களைப் பரிபாலித்த தஞ்சை மன்னர், கிறிஸ்துவின் கதையைப் பாடும் கவிராயருக்குச் சம்பளம் கொடுத்தார்.

அதனால் பாட்டு பிழைத்தது. சாஸ்திரியார் 1864 வரை வாழ்ந்தார். அவருக்குப் பின் அவர் வழிவந்தவர்களும் மற்றவர்களும் ஊர் ஊராகப் போய்ச் செய்த கிறிஸ்தவக் காலட்சேபம் தமிழ்ச் சபைகளில் வேர் பிடித்தது. கதை, பாட்டு, குடும்பம் மூன்றும் ஒரே இரவில் கூடும் அந்த வடிவத்துக்கு ஒரே ஒரு குறை இருந்தது. பாடுகிறவர் ஊருக்கு வந்தால்தான் உண்டு. மலைமேலும் காட்டோரமும் இருந்த ஊர்களுக்கு யாரும் எளிதில் வருவதில்லை. ஆள் வராமலே குரல் மட்டும் வந்து சேரும் வித்தை பிறக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. அதில் ஒரு பகுதி ஒரு போர்க் கப்பலின் வயிற்றிலிருந்து பிறந்தது.

சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. மூன்றே ஆண்டில் பணம் தீர்ந்து, கருவிகள் மாநகராட்சியின் கைக்குப் போயின. கடலுக்கு அப்பால் கொழும்பில் தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பரிடம் பணமும் இல்லை, டிரான்ஸ்மிட்டரும் இல்லை. முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்கள்தான் கையில் கிடைத்தன. அவற்றை வைத்தே அவர் ஒன்றைக் கட்டிமுடித்தார். 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறைப்படி பேசத் தொடங்கியது. கொலைக் கருவியிலிருந்து பிறந்த அந்த நிலையம்தான் பிற்காலத்தில் தமிழ்நாட்டின் மாலை நேரங்களையே தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

பாட்டும் செய்தியும் காற்றில் வந்துவிட்டன. கதை வருமா என்பதுதான் கேள்வி. மேடை இல்லை, வேஷம் இல்லை, முகம் இல்லை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஹியூஸ் என்ற இளைஞர் 1924 ஜனவரியில் அதற்கொரு வழி கண்டார். விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கதையை எழுதினார். பாத்திரங்களுக்கும் கண் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. முகம் இல்லாத குறை அங்கே கதையாகவே மாறிவிட்டது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் கார்ன்வால் பகுதியின் செயின்ட் ஹிலரி கிராமத்துப் பாதிரியார் பெர்னார்ட் வாக், கிறிஸ்து பிறப்பு நாடகம் ஒன்றை எழுதி ஊர்க்காரர்களையே நடிக்க வைத்தார். பி.பி.சி. தன் மைக்குகளை அந்த ஊர்க் கோயிலுக்கே கொண்டுபோய் வைத்தது. நாடு முழுவதும் கேட்டது. ஆனால் குழந்தை இயேசுவை ஒலிபரப்புவது எளிது. வளர்ந்து நின்று பேசும் இயேசுவை யார் ஒலிபரப்புவது?

அங்கேதான் சட்டம் வழிமறித்தது. இங்கிலாந்தில் மேடை நாடகங்களைத் தணிக்கை செய்த லார்டு சேம்பர்லின் அலுவலகம், கடவுளை மேடையில் ஒரு பாத்திரமாகக் காட்ட நெடுங்காலமாகவே அனுமதித்ததில்லை. 1940 பிப்ரவரியில் பி.பி.சி.யின் சமயப் பிரிவு இயக்குநர் ஜேம்ஸ் வெல்ச், துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்றிருந்த டோரதி சேயர்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். குழந்தைகள் நேரத்துக்கு இயேசுவின் வாழ்க்கையைத் தொடர் நாடகமாக எழுத முடியுமா என்று கேட்டார். சேயர்ஸ் ஒப்புக்கொண்டார், நிபந்தனையோடு. இயேசு ஒரு பாத்திரமாக வந்து வாய் திறந்து பேச வேண்டும். எல்லோரும் இன்றைய மனிதர்கள்போலப் பேச வேண்டும். பழைய பைபிள் மொழிபெயர்ப்பின் கம்பீர நடை வேண்டாம். வெல்ச் சம்மதித்தார். முதல் நாடகத்தின் பிரதி போய்ச் சேர்ந்ததுமே வேலை நின்றுபோனது.

காரணம் ஒரு கடிதம். சில வசனங்கள் குழந்தைகளுக்குப் புரியாது, மாற்றலாமே என்று குழந்தைகள் பிரிவின் உதவி இயக்குநர் எழுதியிருந்தார். சேயர்ஸ் ஒப்பந்தத்தைக் கிழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நாடகம் எழுதத் தெரிந்தவருக்கு நாடகம் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. இத்தோடு முடிந்தது என்றே பலர் நினைத்திருப்பார்கள். வெல்ச் விடவில்லை. பொறுப்பைக் குழந்தைகள் பிரிவிலிருந்து நாடகப் பிரிவின் தலைவர் வால் கீல்குட்டிடம் மாற்றினார். சேயர்ஸ் முதலிலிருந்தே கேட்ட தயாரிப்பாளரும் அவர்தான். சின்னச் சண்டை ஒன்று நாடகத்துக்குச் சரியான கையைத் தேடிக் கொடுத்துவிட்டது. பெரிய சண்டை இனிமேல்தான் வரவிருந்தது.

1941 டிசம்பர் 10 அன்று லண்டனில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, சேயர்ஸ் சில பகுதிகளைப் படித்துக் காட்டினார். வரி வசூலிக்கும் மத்தேயு லண்டன் தெருக் கொச்சையில் பேசினான். சந்தையில் ஏமாந்துபோன பிலிப்புவை அவன் கிண்டல் செய்தான். மறுநாள் தலைப்புச் செய்திகள் கொதித்தன. கிறிஸ்துவின் வாழ்க்கையை அமெரிக்கக் கொச்சையில் எழுதியிருக்கிறார்கள் என்று பேச்சு பரவியது. ஞாயிறு ஆசரிப்புச் சங்கம் ஒன்று மனுமேல் மனு போட்டது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. ஒலிபரப்புக்கு இன்னும் சில நாள்களே இருந்தன.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு சந்து தெரிந்தது. தடை மேடைக்குத்தான். பார்வையாளர் இல்லாத ஸ்டூடியோ மேடை ஆகாது. எதிரில் யாரும் உட்காராதவரை லார்டு சேம்பர்லினுக்கு அங்கே வேலை இல்லை. பிரதிகள் பல சபைகளையும் சேர்ந்த ஆலோசனைக் குழுவுக்குப் போயின. குழு தலையசைத்தது. 1941 டிசம்பர் 21 அன்று பன்னிரண்டு நாடகங்களில் முதலாவது காற்றில் ஏறியது. போர்க்கால இருட்டடிப்பில் திரை இழுத்து மூடிய வீடுகளில் குடும்பங்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. எதிர்த்தவர்கள் போட்ட கூச்சலே நாடகத்துக்கு இலவச விளம்பரமாகிவிட்டது.

தொடர் நடந்துகொண்டிருந்தபோது, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஜப்பானியர் பிடியில் சிக்கிய நாள் அது. இங்கிலாந்தில் சிலருக்கு அதன் காரணம் வேறாகத் தெரிந்தது. இயேசுவை நாடகமாக்கிய பாவத்துக்குத் தண்டனையாகத்தான் சிங்கப்பூர் போயிற்று என்று எழுதினார்கள். அடுத்தது ஆஸ்திரேலியா, அதற்குள் நிறுத்துங்கள் என்றும் கோரிக்கை வந்தது. யாரும் நிறுத்தவில்லை. அக்டோபரில் பன்னிரண்டாவது நாடகமும் முடிந்தது. ‘தி மேன் பார்ன் டு பி கிங்’ என்ற அந்தத் தொடருக்குப் பின், மேடைக்குக் கொடுக்காத உரிமையை வானொலிக்குக் கொடுத்தாயிற்று. தன் கதையைச் சொல்ல வானொலி நாடகமே பொருத்தமான இடம் என்று உலகக் கிறிஸ்தவம் கண்டுகொண்டது அந்த இருட்டடிப்பு மாலைகளில்தான் என்பேன். ஆனால் ஆசியாவுக்கு அதை யார் கொண்டுவருவது?

ஜான் ப்ரோகர் போரின்போது பசிபிக் கடலில் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவர். பாப் போமன் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ வானொலி நிகழ்ச்சியில் பாடிய பாடகர். இன்னொரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு 1945 டிசம்பரில் ஃபார் ஈஸ்ட் பிராட்காஸ்டிங் கம்பெனியைத் தொடங்கினார்கள். முதலில் குறிவைத்தது ஷாங்காய். அங்கே அனுமதி இழுபறியானது. வேண்டாவெறுப்பாக மணிலாவுக்குத் திரும்பினார்கள். மூன்றே ஆண்டில் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போயிற்று. ஷாங்காயில் அனுமதி கிடைத்திருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

மணிலாவிலும் நெருக்கடி விடவில்லை. 1948 ஜூன் 4-க்குள் ஒலிபரப்பைத் தொடங்காவிட்டால் உரிமம் ரத்து. கட்டடம் அரைகுறை, கருவிகள் அரைகுறை. கெடு முடியவிருந்த அந்த மாலையில்தான் டிரான்ஸ்மிட்டர் உயிர்பெற்றது. கூடியிருந்தவர்கள் ஒரு துதிப்பாடலைப் பாடித் தொடங்கினார்கள். இந்த நிறுவனத்தின் சகோதர அமைப்பாக 1959-இல் இங்கிலாந்தில் தொடங்கியதுதான் ஃபீபா. அதன் கண் இந்தியாவின் மேல் இருந்தது. இந்தியாவின் கதவோ அடைத்திருந்தது.

சுதந்திர இந்தியாவில் ஒலிபரப்பு முழுக்க அரசு கையில் இருந்தது. சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் வந்துவிட்டன, நல்ல நாடகங்களையும் தந்தன. ஆனால் எந்த மதத்துக்கும் நேரம் விலைக்குக் கிடையாது. பல மதங்கள் வாழும் நாட்டில் அது நியாயமான ஏற்பாடுதான். 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் இன்னொரு கதவையும் சாத்தினார். சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அதை வெகுவாகக் குறைத்தார். அந்த முடிவு அவர் நினைத்தே பார்க்காத ஓர் இடத்தில் போய்ப் பலித்தது.

நீர்மூழ்கிக் கப்பலின் பாகங்களில் பிறந்த கொழும்பு வானொலி, இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டுப் படைகள் விட்டுச்சென்ற சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டரோடு ரேடியோ சிலோனாக வளர்ந்திருந்தது. 1950-இல் அதன் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. பாட்டுக்கு ஏங்கிய தமிழ்நாடு முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போயிற்று. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் வீட்டுக்கு வீடு தெரிந்த குரலானது. ‘லண்டன் கந்தையா’ போன்ற வானொலி நாடகங்களால் இலங்கைத் தமிழர்கள் ஒலிநாடகத்தைத் தனிக் கலையாகவே வளர்த்தார்கள். காசு கட்டினால் அங்கே நேரம் கிடைத்தது. சமயப் பேச்சாளர்களும் காசு கட்டினார்கள். கேஸ்கர் கதவைச் சாத்தியதால், கடல் கடந்து வரும் அலையைத் தேடிப் பிடிக்கத் தமிழர் விரல்கள் பழகிவிட்டன. அந்தப் பழக்கத்தின் பலனை இன்னொருவர் அறுவடை செய்தார்.

ஃபீபா தேர்ந்தெடுத்த இடம் இந்தியப் பெருங்கடல் நடுவே இருந்த செஷல்ஸ் தீவு. அப்போது பிரிட்டிஷ் காலனி. நம் தருமபுரியிலிருந்து கணக்குப் போட்டால் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். விமான நிலையம் இல்லாத தீவு, சாமான் எல்லாம் கப்பலில் வர வேண்டும். கடற்கரையில் ஆண்டெனா கட்டப் போதிய சமநிலம் இல்லை. பொறியாளர்கள் கோபுரங்களைக் கடலுக்குள் பவளப்பாறை மேலேயே நட்டார்கள். வேறு வழி இல்லாமல் செய்த அந்த வேலையில்தான் அதிர்ஷ்டம் இருந்தது. உப்புநீர் நல்ல மின்கடத்தி. அலையை அது தாழ்வான கோணத்தில் தொலைதூரத்துக்கு உந்தியது. 1970-இல் செஷல்ஸ் பேசத் தொடங்கியது. அது பேசிய மொழிகளில் தமிழும் ஒன்று. 1976-இல் தீவு சுதந்திரம் பெற்றது, மறு ஆண்டே ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து சோஷலிச அரசு வந்தது. நிலையம் மூடப்படும் என்று பயந்தார்கள். மூடவில்லை.

சிற்றலைக்கு ஒரு நோய் உண்டு. குரல் நெருங்கி வரும், திடீரென்று கிணற்றுக்குள் போகும். மத்திய அலையில் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் பக்கத்திலேயே பெரிய நிலையம் வேண்டும். அதைக் கொண்டுவந்தது அகதியாக ஊர் ஊராக அலைந்த ஒரு வானொலி. பால் ஃப்ரீட் என்ற அமெரிக்கர் 1954-இல் மொராக்கோவின் டாஞ்சியரில் தொடங்கிய நிலையத்தை, மொராக்கோ சுதந்திரத்துக்குப் பின் 1959 முடிவில் இழுத்து மூட வேண்டியதாயிற்று. அவருக்குக் கிடைத்த மாற்று இடம் மான்டி கார்லோ. நாஜிகள் தங்கள் பிரசாரத்துக்காகக் கட்டிய ஒலிபரப்புக் கட்டடம் அங்கே இருந்தது. ஹிட்லரின் குரலுக்கென எழுப்பிய சுவர்களுக்குள்ளிருந்து 1960-இல் வேத வசனம் ஒலித்தது. டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ என்று பெயர் பெற்ற அந்த நிறுவனம் 1978-இல் இலங்கையின் மேற்குக் கரையில் புத்தளத்தில் இறங்கியது. 400 கிலோவாட், 882 கிலோஹெர்ட்ஸ். நீர்மூழ்கிக் கப்பலின் தீவுக்கே கதை திரும்பி வந்தது.

இனி வேண்டியது தமிழில் கதை சொல்ல ஆள். டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோவின் இந்தியப் பணியை எமில் ஜெபசிங் முன்னின்று நடத்தினார். ‘விசுவவாணி’ என்ற பெயரில் அது தமிழர்களிடம் பரவியது. அவர் பாட்டுக்காரர், தமிழ்ச் சபைகள் இன்றும் பாடும் மிஷனரிப் பாடல்கள் பலவற்றை இயற்றியவர். அவர் வளர்ந்த ஃபிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் என்னும் உள்நாட்டு இயக்கம் 1967-இல் தன் முதல் ஊழியரை அனுப்பிய இடம் பஞ்சாபும் அல்ல, பீகாரும் அல்ல. சேலத்திலிருந்து பிரிந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்த தருமபுரி மாவட்டத்தின் பெரியமலை. ஆள் நடந்து ஏறுவதற்கே பாடுபட்ட அந்த மலைகளுக்குக் குரல் எப்படி ஏறும்?

மலையூர்களுக்கு மின்சாரம் மெதுவாகத்தான் வந்தது. சமவெளியில் பஞ்சாயத்து ரேடியோ உண்டு. மாலையானால் கூம்பு ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும், ஆனால் நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது ரேடியோ ரூம் சாவி வைத்திருப்பவர். அந்த நிலையை மாற்றியது டிரான்சிஸ்டர். பேட்டரி போட்டால் பாடும், தோளில் மாட்டிக்கொண்டு சித்தேரிக்கும் வத்தல்மலைக்கும் ஏறிவிடலாம். 1980-கள் வரை அதற்குத் தபால் நிலையத்தில் உரிமம் கட்ட வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். பகலில் கொரகொரக்கும் மத்திய அலை, பொழுது சாய்ந்ததும் வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் இறங்கும். புத்தளத்திலிருந்து தருமபுரி ஏறத்தாழ 500 கிலோமீட்டர். உழைத்துக் களைத்த குடும்பம் அடுப்படியில் ஒன்றுகூடுகிற நேரமும், அலை தெளிகிற நேரமும் ஒன்றாக அமைந்தன. யாரும் திட்டமிட்ட ஏற்பாடு அல்ல அது, சூரியன் செய்தது.

அந்தக் குரல் வந்த பாதையைச் சொன்னால் நம்ப முடியாது. பேசியவர் இருந்தது இந்தியாவில், ஒரு சின்ன ஸ்டூடியோவில். சுவரில் சாக்குத் துணி, ஒரே மைக், அதைச் சுற்றிக் கையில் பிரதியோடு நாலைந்து பேர். தாள் புரளும் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று பக்கங்களின் பின்னைக் கழற்றித் தனித்தனியாக வைத்திருப்பார்கள். குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை, இடிக்குத் தகரம், படகுக்கு வாளித் தண்ணீர். காட்சி மாற ஒரு வீணை மீட்டல், முடிவில் ஒரு பாட்டு. ஒருவர் தடுமாறினால் எல்லோரும் முதலிலிருந்து. முடிந்த ஸ்பூல் டேப்பைப் பெட்டியில் கட்டிக் கடல் கடந்து அனுப்புவார்கள். பல வாரம் கழித்து அது தீவு நிலையத்தில் சுழன்று, அலையாகி, புறப்பட்ட நாட்டுக்கே திரும்பி வரும். கேட்டவர் எழுதிய அஞ்சலட்டை ஸ்டூடியோவுக்கு வரும்போது, நடித்தவர் அடுத்த பத்துக் கதைகளை முடித்திருப்பார்.

பைபிள் கதைகளுக்கு அடுத்தபடி வரலாறு கைகொடுத்தது. ஒலிநாடகத்துக்கென்றே நடந்ததுபோன்ற கதைகள் தமிழ் மண்ணிலேயே கிடந்தன. திண்டிவனத்தில் ஒரு ராத்திரி. நோயாளித் தாயைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்த இளம்பெண் ஐடா ஸ்கடர் அறையில் இருக்கிறார். கதவு தட்டும் சத்தம். ஒரு பிராமணர், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்கிறார். ஐடா மருத்துவர் இல்லை, அப்பாதான் மருத்துவர். ஆண் மருத்துவர் வேண்டாமென்று அவர் போய்விடுகிறார். மறுபடி தட்டல், ஒரு முஸ்லிம். மூன்றாவது தட்டல், இன்னோர் இந்து. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா மருத்துவம் படித்துத் திரும்பி 1900-இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. தருமபுரியிலிருந்து பேருந்து ஏறிப் போய் வைத்தியம் பார்க்கிற அதே ஆஸ்பத்திரி. காட்சி எதுவும் வேண்டாம், மூன்று தட்டலும் நடுவே மௌனமும் போதும். சுரங்க இருட்டில் ஹியூஸ் கண்டுபிடித்த வித்தை இங்கேயும் பலித்துவிடும்.

கத்தோலிக்கர் பக்கமும் ஒரு நிலையம் வந்தது. 1958-இல் மணிலாவில் கூடிய ஆயர்கள் ஆசியாவுக்கென ஒரு வானொலி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1969-இல் ரேடியோ வெரித்தாஸ் தொடங்கியது. 1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் மக்கள் சர்வாதிகாரி மார்க்கோஸுக்கு எதிராகத் தெருவில் திரண்டபோது அவர்களை அழைத்தது அதன் உள்நாட்டு ஒலிபரப்புதான். அதற்காகவே அதன் டிரான்ஸ்மிட்டரை அடித்து நொறுக்கினார்கள். அதே நிறுவனத்தின் ஆசிய ஒலிபரப்பில் தமிழ்ப் பணியும் இருந்தது. ஏறத்தாழ 4,600 கிலோமீட்டர் தாண்டி வந்த அந்தத் தமிழைப் பிடிக்க, தமிழ்நாட்டில் நேயர் மன்றங்களே உருவாயின. கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களைக் கொண்ட தருமபுரிக்கு 1997-இல் தனி மறைமாவட்டம் அமைந்தபோது சிற்றலையின் நல்ல காலம் ஏறக்குறைய முடிந்துகொண்டிருந்தது.

செஷல்ஸ் தீவின் சிற்றலை 2003-இல் நின்றது. வெரித்தாஸின் சிற்றலை 2018 ஜூன் 30-உடன் நின்றது. இரண்டு நிறுவனங்களும் இணையத்துக்கும் கைப்பேசிக்கும் மாறிவிட்டன. இப்போது ஊர்க் கோயில் திருவிழாவில் ஸ்பீக்கரில் ஓடுகிற, வாட்ஸ்அப்பில் பாட்டி பேத்திக்கு அனுப்புகிற, கதை சொல்லி நடுநடுவே பாட்டு வைத்து முடிகிற கிறிஸ்தவ ஒலிநாடகம் இத்தனை இடங்களைச் சுற்றித்தான் வந்து சேர்ந்தது. வழியில் ஒவ்வொரு முறையும் யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள். மிஷனரிகள் சாத்தினார்கள், நாடகச் சட்டம் சாத்தியது, ஷாங்காய் சாத்தியது, அமைச்சர் சாத்தினார். சாத்திய கதவுகள் இல்லையென்றால் இந்த வடிவம் இப்படி அமைந்திருக்காது.

சேயர்ஸின் பன்னிரண்டு நாடகங்கள் 1943-இலேயே முன்னுரையோடு புத்தகமாகி இன்றும் கிடைக்கின்றன. தமிழில் சிரட்டையைத் தட்டியவரும், மோசேக்கும் ரூத்துக்கும் குரல் கொடுத்தவரும், இடைஇசை வாசித்தவரும் அந்த மதிப்பைப் பெறவில்லை. ஸ்பூல் டேப்பும் கேசட்டும் ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன, காந்தப் பூச்சு உதிர்கிறது. நம் ஊர் வெயிலும் மழையும் அவற்றுக்கு ஆகாது. பங்குப் பரண்களிலும் சபை அலமாரிகளிலும் ஓய்வுபெற்ற அறிவிப்பாளர்கள் வீட்டுப் பெட்டிகளிலும் மிஞ்சியிருக்கிற தமிழ் ஒலிநாடக நாடாக்களை இப்போதே பிரதியெடுத்து, நடித்தவர் பெயர்களையும் சேர்த்து எழுதி, ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும்.